ஸாரி, ஏறினால்

காலை ஆகாரம் நல்ல சூடு,
வரவேற்பில் நிற்கும் பெண்ணின் குரல்தான் ஆறிக் கிடக்கிறது
என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி.
மேனேஜர் சாத்தப்பன் அதை அச்செடுத்து
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்,
எழுத்து என்னைப் பார்க்கும்படி.

நான் கேட்டது வாட் டு யூ வான்ட்.
இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.
என்ன வேணும் சொல்லுங்க என்றுதான் மனசில் இருந்தது.
அந்த ‘ங்க’ வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

நமக்கு எல்லாம் எழுத்திலேயே இருக்கிறது.
ஆ போட்டால் கேள்வி, ஓ போட்டால் சந்தேகம்,
ஏ போட்டால் சண்டைக்கே போகலாம்.
அவர்கள் சொல்லுக்கு வால் இல்லை,
தொண்டைதான் ஏறி இறங்க வேண்டும்.

கோட்டையூரிலிருந்து கானாடுகாத்தான் வரை
ஹெல்மெட்டுக்குள் பாடம் நடந்தது.
ஸாரி, ஏறினால்:
காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்.
ஸாரி, இறங்கினால்:
மன்னியுங்கள், மனசு கஷ்டப்படுகிறது.
ரயில்வே கேட்டில் நின்று ஏறி ஏறி இறங்கினேன்.
ஆடு ஓட்டி வந்தவர்
எனக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றார்.

ஸ்கூட்டர் பஞ்சரான அன்று பஸ்.
கண்டக்டரிடம் மூன்று ரைட் இருந்தது.
வண்டி கிளம்ப ஒன்று,
சில்லறை சரியாய்க் கொடுத்தவருக்கு ஒன்று,
கடைசி நொடியில் ஓடி வந்து தொற்றுகிறவனைத்
திட்டுவதற்கு ஒன்று.
யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை.
நம்ம ராகத்தில்தான் சொன்னார்,
பஸ் கேட்டது.

ஒரு வாரம் எனக்கு எல்லாமே ஏறியது.
குட் மார்னிங் கூட,
விடிந்ததா இல்லையா என்பது போல.
“சகாயராணி, வர்றவுகளயெல்லாம் விசாரணைக்குக் கூப்பிடுறியா?”
சமையல்கட்டிலிருந்து முத்துக்கருப்பன்.
சிரிக்கட்டும்.
சாத்தப்பன் அந்தத் தாளை எடுத்துவிட்டாரே.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம்
உயரமாய் ஒருவர் வந்தார், ஒரே பெட்டியோடு.
பதிவேட்டில் இரண்டு பேர்.
அண்ட் மேடம்? என்றேன்.
அழகாய் ஏறியது, எனக்கே கேட்டது.

ஷி டைட் இன் நவம்பர்.

நாலு சொல். நாலும் எனக்குத் தெரியும்.
வாய் முந்திக்கொண்டது.
ஸாரி?
பாடத்தில் வரும் குரலே தோற்கும்படி
ஏறி உச்சியில் போய் நின்றது.

கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார்.
பெட்டியைக் கீழே வைத்தார்.
நம்மைப் போன்றவர்களுக்காக அவர்கள் சொல்வார்களே,
மெதுவாக, ஒவ்வொன்றாகப் பிரித்து, என்மேல் இரக்கப்பட்டு:
ஷி. டைட். இன். நவம்பர்.
கூடம் பெரிசு. மூன்றாவது தரம்
அதுவும் சொன்னது.

இறக்க வேண்டிய இடம் அதுதான்.
இறங்கவில்லை. இங்கிலீஷே வரவில்லை.
உச்சுக் கொட்டினேன்.
பிள்ளை விழுந்தால், பால் பொங்கினால்,
கண்ணெதிரே பஸ் போய்விட்டால்
நாக்கு தானாகப் பல்லில் தட்டுமே, அது.
நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
சாவியை இரண்டு கையாலும் கொடுத்தேன்.

முத்துக்கருப்பனிடம் சொல்ல மறந்திருக்கிறேன்.
மறுநாள் காலை
அவர் மேசைக்கு இரண்டு காபி போனது.
ஓடினேன். அதற்குள் பார்த்துவிட்டார்,
நுரை அடங்காத இரண்டு டம்ளர்களையும்.

டூ, என்றார்.

கேட்டாரா, எண்ணினாரா,
எதிர் நாற்காலியைக் காட்டினாரா.
இத்தனை நாள் படித்த காதால்
திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன்,
அது ஏறவும் இல்லை
இறங்கவும் இல்லை.