மூன்றாம் சட்டி

இரண்டு கப் சீனி,
மூன்று தேசிக்காய்,
கண்ணளவுக்குத் தண்ணீர்.
இவ்வளவுதானாம். யசிந்தா சொன்னாள்,
நத்தாருக்குப் பலகாரம் சுடப் போகிறவள் மாதிரி.

ஞாயிறு பின்னேரம், கொக்குவில் அனெக்ஸ்.
வீட்டுக்காரர் அளவெட்டிக்குச் செத்தவீட்டுக்குப் போயிருந்தார்.
முதலில் குசினி யன்னலைச் சாத்தினோம்.
பிறகு ஏன் சாத்தினோம் என்று சிரித்தோம்.
திறக்கவில்லை.

முதல் சட்டி கல்லாய்ப் போனது.
கரண்டி அதற்குள் நட்டபடி நின்றது,
திறந்து வைக்க ஆள் வராத சிலையாய்.
இரண்டாம் சட்டி வெறும் பாணி.
கணுக்காலால் வழிந்து
செருப்புக்குள் இறங்கியது.

அம்மாவுக்குப் பதம் தெரியும்.
எள்ளுருண்டைக்கு ஒன்று, பயித்தம் உருண்டைக்கு ஒன்று.
போனை எடுத்தேன்.
"அம்மா, கால் மயிர் பிடுங்க எந்தப் பதம்?"
வைத்துவிட்டேன்.

மூன்றாவதைக் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டோம்.
உருண்டது.
நசித்தால் நசிந்தது,
நல்லெண்ணெய் நிறத்தில் விரலோடு வந்தது.
"இதுதான்டி!" என்று கத்தினாள்.

பேபி பவுடர் பூசி
கதிரையில் காலைத் தூக்கி வைத்தேன்.
மயிருக்கு எதிர்ப்பக்கம் தேய்க்க வேணும்,
மயிர் படுக்கிற பக்கம் சுண்ட வேணும்.
"மூச்சை விடு" என்றாள்.
விட முதல் சுண்டினாள்.

நான் சொன்ன சொல்லை இதில் எழுத ஏலாது.
பக்கத்து வளவு நாய் எழும்பி நின்றது.
வேலிக்கு மேலால் அன்ரியின் குரல்:
"பிள்ளையள், என்ன சத்தம்?"
"கரப்பொத்தான், அன்ரி!"
"விளக்குமாத்தால போடுங்கோ!"

பன்னிரண்டு வருசம் பிளேடு.
பாத்றூமில், பைப்பைத் திறந்துவிட்டு,
மூன்றாம் நாள் உமியாய் முளைக்க முளைக்க
எல்லாம் தனியத்தான்.
யாருக்காக என்று யசிந்தா கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
காலை இழுத்திருப்பேன்.

முழங்காலுக்குக் கீழே அவள் விரல் நின்றது.
மயிர் போன இடத்தில்
பிறை மாதிரி ஒரு வடு.
"ஷெல்லா?"
எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்,
குரலைத் தாழ்த்திக்கொண்டு.
ஒருக்கா கொழும்பில் ஒருத்தி
என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.
அவளுக்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.

"சைக்கிள் ஸ்டாண்ட்" என்றேன் இவளுக்கு.
"ரியூசனுக்குப் பிந்திப் போய்,
தாவடிச் சந்தியில்,
ஐஸ்பழக்காரனைப் பார்த்துக்கொண்டு விழுந்தது."
அவள் சிரித்த சிரிப்பில்
பாகு நிலத்தில் விழுந்து
தும்பும் தூசியும் ஒட்டிக்கொண்டது.
வடுவைச் சுற்றி மட்டும்
மெதுவாய், துண்டு துண்டாய் எடுத்தாள்.
ஷெல் என்றிருந்தால்
தொட்டிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இடது கால் முடிய
நாலாம் சட்டியை ஏற்றினோம்.
அடுப்பு நீலமாய் ஒருமுறை துள்ளி
அணைந்தது.
சிலிண்டரை ஆட்டிப் பார்த்தோம்,
சரித்துப் பார்த்தோம்.
காஸ்காரன் செவ்வாய்தான் வருவான்.

இரவு, அந்த முதல் சட்டியை
அம்மியில் தட்டி உடைத்து
ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டோம்.
தேசிப்புளிப்போடு நல்ல ரொபி.
கதைக்க முடியாமல் பல்லில் ஒட்டியது.

விடியக் குப்பை வாளியைப் பார்த்தால்
எறும்பு.
என் மயிர் குத்திட்டு நிற்கும் பாகு உருண்டையை
இருநூறு பேர் சேர்ந்து
வாசல்படி மட்டும் கொண்டுபோயிருந்தார்கள்.
தடுக்க மனம் வரவில்லை.

இப்போது திங்கள், பதினொரு மணி.
நாலாம் கவுண்டரில் இருக்கிறேன்.
அடகு மீட்க வந்தவர்
ரசீதைத் தேடிப் பை முழுக்கக் கிளறுகிறார்.
சேலைக்குள்
வலது பாதம் மெல்ல ஏறி
இடது காலைத் தடவிப் பார்க்கிறது.
யாரோ புது ஆள்.
"ஆறுதலாத் தேடுங்கோ ஐயா" என்கிறேன்,
"அவசரமில்லை."