இடக்கைக்கு வாய்த்த ஆறு வாரம்

ஜனவரியில், பால் வாங்கப் போன வழியில்
லியுப்லியானாவின் உறைந்த நடைபாதை
என் வலது மணிக்கட்டை வாங்கிக்கொண்டது.
மாவுக்கட்டு. ஆறு வாரம்.
சலவை இயந்திரங்களின் கையேடுகளை
மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் நான்.
இயந்திரம் காத்திருக்கும்.
விற்கிறவன் காத்திருக்க மாட்டான்.

எங்கள் அறையில் மூன்று மேசைகள்.
என்னுடையதில் விண்டோஸ்.
ட்ரேய்ட்ஸுடையதில் லினக்ஸ், எந்த லினக்ஸ் என்று கேட்டால்
மதியச் சாப்பாடு ஆறிவிடும்.
ப்ரீனாவுடையது மேக்;
அதைத் துடைக்கவென்றே ஒரு துணி வைத்திருக்கிறாள்.

எங்கள் மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருவருக்கென்றே ஓர் எண் உண்டு.
எது நல்லது என்று அவர்கள் இருவரும் சண்டை போடும்போது
வினைச்சொற்கள் கச்சிதமாக வந்து உட்காரும்.
நான் மூன்றாமவள்.
சேர்ந்தால் இலக்கணம் மாறிவிடுமென்று
பேசாமல் இருந்தேன் இத்தனை நாளும்.
இப்போது இருவரும் என்னைக் கூப்பிட்டார்கள்,
ஒரு கை கட்டப்பட்டவள்
நடுநிலையாகத்தான் இருப்பாள் என்பதுபோல.

முதலில் என்னுடையது.
உள்ளே விட, மூன்று விசைகளை
ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னது.
இரண்டு இடக்கோடியில், ஒன்று வலக்கோடியில்.
கையை எட்டிப் பரத்தி
மூன்றாவதை நாடியால் அழுத்தினேன்.
பக்கத்து மேசைகள் மரியாதையாக
வேறு பக்கம் பார்த்தன.

ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால்
ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்கும்.
பதினோரு வருடம் எரிச்சலோடு
வேண்டாம் வேண்டாம் என்று மூடிய பெட்டி.
அன்றுதான் படித்தேன்.
சரி என்றேன்.
அதன்பின் விசைகள் ஒன்றன்பின் ஒன்றாக
வரிசையில் நின்று வந்தன.
எனக்குத் தெரியாத யாரோ ஒருவர்
எனக்கு முன்பே விழுந்திருக்கிறார்.

வியாழன் மாலை, கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்
அதே விண்டோஸ் அப்டேட் செய்துகொள்ளப் போய்விட்டது.
முப்பது சதவீதத்தில் தியானம்.
அணைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தது.

ட்ரேய்ட்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.
"எதை வேண்டுமானாலும் மாற்றலாம்."
கறுப்புத் திரையில் ஒரு வரி;
மவுஸின் வலமும் இடமும் இடம் மாறின.
இன்னொரு வரி; மெனு என் பக்கம் நகர்ந்தது.
மாற்றினான். மாற்றிக்கொண்டே இருந்தான்.
ஏழு மணிக்கு என் ஃபைல் திறந்தது.
தலையில் கூரை வைத்த எங்கள் எழுத்துகளில்
ஒன்றுகூடச் சிந்தவில்லை.
அட்டவணைகள் மட்டும்
பிழிந்துபோட்ட துணிபோல ஒரு மூலையில்.

ப்ரீனாவின் மேக்கில் மூடும் பொத்தான் இடமூலையில்,
என் கை நிற்கிற பக்கம்.
எனக்காகவே கட்டிய வீடு என்று நினைத்தேன்.
சிவப்புப் புள்ளியை அழுத்தினேன், ஜன்னல் மறைந்தது;
உள்ளே இருந்தது மட்டும்
கீழே புள்ளி விளக்கெரிய உட்கார்ந்திருந்தது,
விடைபெற்றும் போகாத விருந்தாளி.
"ஏன் போகவில்லை?"
"அது அப்படித்தான்" என்றாள்,
வேறு மாதிரியும் இருக்கலாம் என்று
ஒருநாளும் யோசித்திராத குரலில்.
அட்டவணைகள் நிமிர்ந்தன.
எட்டு இருபதுக்கு அனுப்பினேன்.
பிரிண்டர் மட்டும் மூன்றுக்கும் பொதுப் பகை.

கட்டுப் பிரித்த அன்று
வெளிறிய கையை மேசைமேல் வைத்தேன்.
இருவரும் அதைப் பார்க்கவில்லை.
"சொல், எது?"
"ஷிஃப்ட், ஐந்து முறை" என்றேன்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
பிறகு என்னை விட்டுவிட்டு
இருவருக்கான வினைச்சொற்களோடு
மறுபடி ஆரம்பித்தார்கள்.

இப்போதும் விண்டோஸில் ஒன்றை மூட
என் கை இடமூலைக்குப் போகிறது.
அங்கே ஒன்றும் இல்லை.
நேற்று இரவு வீட்டுக்குள் நுழைந்து
இருட்டில் சுவரைத் தடவினேன்.
பன்னிரண்டு வருடமாக விளக்குப் பொத்தான்
வலப்பக்கம்தான்.
கொஞ்ச நேரம்
இடப்பக்கச் சுவரையே
தடவிக்கொண்டு நின்றேன்.