நாற்பத்தேழு மில்லிமீட்டர்

முதலில் சொன்னவர் அப்பா,
அவர் போட்ட கணக்கு தப்பு என்று
விருந்தாளிகள் முன்னால் நான் சொன்னதற்கு.
பிறகு நாத்தனார்,
அவள் கல்யாணத்துக்குச் சங்கிலியைக் கழற்றித் தராததற்கு.
பிறகு வடாலா ரோடு ஸ்டேஷனில் என் மேலதிகாரி,
சில்லறை கேட்டு அவர் மைத்துனரையே
வரிசையின் வாலுக்கு அனுப்பியதற்கு.
அவர் இந்தியில் சொன்னார்.
அங்கேயும் அதே வார்த்தைதான்.

தங்கபுஷ்பத்துக்குக் கொழுப்பு.
நாற்பது வருஷமாகக் கேட்கிறேன்.
எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது
என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

பைகுலா ரயில்வே ஆஸ்பத்திரியில்
டாக்டர் பெண்ட்சே சொன்னார்.
எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கி
தொடையெலும்பின் மேல்முண்டிலிருந்து
தோல் முடிகிற மங்கல் வரைக்கும்
ஒரு கோடு இழுத்தார்.
முனையில் எண் தானாக வந்து நின்றது:
நாற்பத்தேழு மில்லிமீட்டர்.

"மொத்த எடைகூட அப்புறம்தான் அம்மா.
கத்தி இறங்கப்போகிற இந்த இடம்தான் கவலை.
இங்கே ரத்தம் வரத்து குறைவு.
எப்படித் தைத்தாலும் உள்ளே ஒரு பொந்து மிஞ்சும்.
பொந்தில் நீர் தேங்கும்,
நீர் தேங்கினால் கிருமி குடிவரும்.
கீழே நான் வைக்கப்போவது உலோகம்.
அதற்கு எதிர்த்து நிற்கத் தெரியாது."
நிலம் அளக்க வந்தவர் மாதிரி
நிதானமாகச் சொன்னார்.

இளைத்துவிட்டு வரட்டுமா என்றேன்.
வாருங்கள் என்றார்.
எப்படி என்றேன்.
தினமும் நட... என்று தொடங்கி
என் கைத்தடியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான்கு மாதம். எட்டு கிலோ.
கன்னத்தில் போனது, கழுத்தில் போனது,
வளையல் முழங்கை வரை ஏறியது.
இடுப்பில் மூன்றே மூன்று மில்லிமீட்டர்.
பட்டா வாங்கிய மாதிரி
மிச்சம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.
முப்பத்தொரு வருஷம் ஒரே நாற்காலியில் இருந்து
பன்வேலுக்கும் அந்தேரிக்கும்
ஊரையே அனுப்பிவைத்தவள் நான்.
எழுந்துபோக நேரம் இருந்ததில்லை.
விடிகாலை ஷிஃப்டின் வடாபாவ் அதில் இருக்கிறது.
இரண்டாவது பிரசவம் இருக்கிறது.
ஊர் மூழ்கிய அந்த ஜூலையில்
பாலப் படிக்கட்டில் பதினோரு படி உருண்டபோது
எலும்பு உடையாமல் அடியை வாங்கிக்கொண்டது
இதுதான் டாக்டர்.
அதையும் ஃபைலில் எழுதுங்கள்.

எழுதவில்லை. சிரித்தார்.
மழைக்காலத்தில் வெட்டினார்.

ஒன்பதாம் நாள் கட்டில் ஈரம்.
காலையில் ஒரு ரூபாய் அளவு.
மாலையில் பத்து ரூபாய்.
சிஸ்டர் லிஸ்ஸம்மா குனிந்து முகர்ந்தாள்,
வாடையில்லை என்றாள்,
ஈரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு
பக்கத்தில் மணி எழுதினாள்.
ஊசியில் எடுத்தது வைக்கோல் நிறத்தில் இருந்தது.
லேபில் வைத்துப் பார்ப்பார்களாம்,
ஏதாவது முளைக்கிறதா என்று.

பக்கத்துக் கட்டில் சுலபா முருங்கைக்காய் உடம்பு.
அவளுக்கு இழுத்த கோட்டில் பதினெட்டுதானாம்.
அவள் காயத்தை இரண்டு தடவை
திறந்து கழுவியாகிவிட்டது.
ராத்திரி இரண்டு மணிக்கு,
சரக்கு ரயில் ஒன்று ஜன்னலை உலுக்கிக்கொண்டு போனபோது,
அவள் என் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டாள்:
"உனக்கு எவ்வளவு?"
சொன்னேன்.
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "எனக்குத் தந்திருக்கலாமே கொஞ்சம்,
உட்கார்ந்தால் குத்துகிறது" என்றாள்.
தையல் இழுக்க இழுக்கச் சிரித்தோம்.

ஐந்தாம் நாள் தாள் வந்தது.
இதுவரை எதுவும் முளைக்கவில்லை.
இதுவரை என்பதை
டாக்டர் இரண்டு தடவை படித்தார்.
நானும்.

வாக்கரைக் கொண்டுவந்து நிறுத்தி
எழுந்திருங்கள் என்றாள் லிஸ்ஸம்மா.
டீ வரட்டும் என்றேன்.
உங்களுக்குக் கொழுப்பு என்றாள்,
என்னிடம் கற்ற தமிழில்.

நாற்பத்து நான்கு, என்றேன்.
கணக்கைச் சரியாகச் சொல்.