இரண்டு பத்து

ஆம்பூர் ஷூ கம்பெனி, சர்வர் அறை.
மூன்று வாரமாய் நள்ளிரவு இரண்டு பத்துக்கு
ஒன்றுமில்லாததற்கெல்லாம் அலறியது:
வட்டு நிரம்பியது,
இல்லை, நிரம்பவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் அன்று.
அலர்ட்டை அணைத்தேன்,
ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.
காய்ச்சல் இறங்கியது.
அணைத்தது அணைத்தபடியே கிடந்தது.

ஏழாம் தேதி காலை
தையல் பிரிவு தவுலத்பீ
ஏடிஎம் வாசலிலிருந்து கூப்பிட்டாள்:
"சம்பளம் இன்னும் ஏறலையே அண்ணா?"
பின்னால் நீள வரிசையின் செருப்புச் சத்தம்.
யாரும் அலறவில்லை.

அன்றிரவே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்,
ஒன்று விடாமல்.
பெங்களூர் ரயில் கடக்கிறது;
தலையணைக்கடியில் போன் அதிர்கிறது:
வேலை முடிந்தது.
மறுபடி:
வேலை முடிந்தது.

இருட்டில் புரண்டு மனைவி கேட்கிறாள்:
"முடிஞ்சதுக்குமா எழுப்புவாங்க?"