ஆற்றுவாய்

நூறு பெண்களில் எழுபது பேர் என்றார் டொக்டர்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியிலிருந்து
பெரியகல்லாறு வரைக்கும் பஸ்ஸில்
மற்ற முப்பது பேரைத் தேடிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கம் குடி தாய்வழி.
வீடு, வளவு, கிணறு, கோயில் முறை,
எல்லாம் பெண்ணிலிருந்து பெண்ணுக்கு.
அப்பா தந்தது பெயரின் முன்னெழுத்து மட்டும்
என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன்.
இது அப்பா வழி.
நேசமலர் மாமி நாற்பத்தொன்றில்.
தங்கேஸ்வரி மாமி கலியாணத்துக்கு முந்தியே.
சொன்னபோது அப்பா
சேட்டுப் பொக்கற்றைத் தடவினார்,
தந்ததைத் திருப்பி வாங்க வழி தேடுபவர் போல.

நீர்ப்பாசனக் கந்தோரில் இருந்தவர்.
மார்கழியில் வாவி முட்டினால்
ஆற்றுவாய் வெட்டும் கூட்டத்தில்
கடைசி வாங்கில் கொப்பியோடு இருப்பார்.
வெட்டு என்பார்கள் வயல்காரர்.
பொறு என்பார்கள் தோணிக்காரர்,
இறால் முழுக்கக் கடலுக்குப் போயிரும்,
இன்னும் ஒரு சாண் கிடக்கு.
ஒரு சாண் என்பது
ஓர் இரவு மழை.

நேரத்தோடு வெட்டிய வருடங்களில்
வராமல் போன வெள்ளத்தை
அந்தக் கொப்பியில் எவரும் எழுதியதில்லை.

எனக்கும் வெள்ளம் வரவில்லை.
படத்தில் இரண்டும் சுத்தம்.
"நல்ல உடம்ப ஆரும் வெட்டுவாங்களா கா?"
வேலிக்கு அங்கால் ரஞ்சிதமக்கா.
விளக்கை அணைத்த பிறகு சுதேஸ்கரன்
"உன்ட விருப்பம்" என்றார்.
அதில் அன்பு இருந்தது.
மெல்லச் சாத்திய கதவும் இருந்தது.

வெட்டிய வாயைக் கடலே
மாசிக்குள் மண் போட்டு மூடிவிடும்.
இது மூடாது.
தொட்டால் தெரியாது என்று
டொக்டர் இரண்டு தரம் சொன்னார்.
மிதுர்ஷா இடது பக்கம்தான் குடிப்பாள்,
வலதை ஏனோ பிடிக்காது.
போன கிழமை கல்முனையில்
அவளுக்கு முதல் பிறேசியர் வாங்கினோம்.
அளந்த நாடாவைக் கடைக்காரி
என் கழுத்தில் போட்டுவிட்டு மறந்துபோனாள்.
அவளுக்கு நூறில் ஐம்பது.
அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

பொங்கல் முடியட்டும் என்று கேட்கப் போனவள்
அதற்கு முந்திய செவ்வாயைக் கேட்டேன்.
படிவத்தில் நோய் என்ற இடத்தில்
டொக்டர் ஒரு கோடு இழுத்தார்.
கீழே நான் கையெழுத்து வைத்தேன்,
அப்பாவின் எழுத்து முதலில்.

வரும் வழியில் இறால் வாங்கினேன், ஒரு கிலோ.
ஆற்றுவாய் இன்னும் வெட்டவில்லையாம்.
மலிவு.