வரிசை பதினொன்று

பல்லடத்தில் மின்சாரம் போகுமுன்
முடித்துவிட நினைத்தேன்.
பெயர், பலம், மன உறுதி, முறைக்கு எத்தனை கட்டம்.
நாலு பத்தி போதும் எட்டாம் வகுப்புக்கு;
கூடினால் ஃபோன் திரையில் வழியும்.

கம்பெனிச் சிப்பாய்: ஆறு, ஐந்து, இரண்டு.
மைசூர்க் குதிரை: நாலு, ஐந்து, ஐந்து.
பீரங்கி: ஒன்பது, ஏழு, ஒன்று.
பவானியாற்றுக்கு நீலம் பூசினேன்.
கெஜலட்டிக் கணவாய்க்கு
ஒரே ஒரு கட்டம்.

திங்கட்கிழமை இணைப்பில் முப்பத்தொரு பேர்.
தர்னிஷ் மைக்கைத் திறந்தால்
பின்னால் நாலு தறியும் சேர்ந்து பேசும்.
"மிஸ்ஸுங்க, பீரங்கிய இழுக்கறது ஆருங்க?"
எருது என்றேன்.
"அதுக்கு வரிசை காணோமுங்க."

சேர்த்தேன், பதினொன்றாவதாக.
எருது. பலம் பூஜ்யம். கட்டம் ஒன்று.
மன உறுதியில் வந்து
கர்சர் துடித்துக்கொண்டே நின்றது.
அதை வெறுமையாக விட்டு
ஐந்தாவது பத்தி திறந்தேன்: தீவனம்.
வழிந்தால் வழியட்டும்.

மூன்றாம் முறை மௌனிகாவுடையது.
குதிரைகளைப் பீரங்கிப் பக்கமே விடவில்லை அவள்.
சோளக்காட்டைச் சுற்றிக்கொண்டு போய்
"தட்டுப்போரெல்லாம் எரிச்சுட்டேனுங்க" என்றாள்.

ஒன்பது பலம்
நீலக் கட்டத்தின் ஓரத்தில் நின்றது.
அடுத்த முறையும் நின்றது.
அதற்கடுத்தும்.

ஜெயிச்சது ஆருங்க என்று கேட்டார்கள்.
விதியைப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
ஒவ்வொருவராக அணைந்தார்கள்.

தர்னிஷ் மைக்கை மூட மறந்திருந்தான்.
தறிச்சத்தம். நடுவில் ஒரு குரல்:
"பாடம் முடிஞ்சுதில்ல,
தார் எடுத்துட்டு வாடா."