சுவிட்சைச் சுற்றி

நார்வேயின் வடகிழக்கு முனை, வார்டோ தீவு,
நவம்பர் கடைசி.
சூரியன் இனி ஜனவரியில்தான்.
மதியம் ஜன்னலில் கொஞ்சம் நீலம் வந்து நிற்கும்,
கைமாற்று கேட்க வந்தவனைப் போல.
கேட்காமலே திரும்பிப் போகும்.

"வெள்ளைதான்," என்றார் சோல்ஃப்ரிட்.
"இருக்கிற வெளிச்சத்தையும் சுவர் குடித்துவிடக் கூடாது."
ஆர்னுல்ஃப் வண்ண அட்டையைக் கடைசிவரை புரட்டி
அடித்தாளில் விரல் வைத்தார்:
கரி கலந்த நீலம்.
"குகையிலா குடியிருக்கப் போகிறோம்?"

நான் பெயிண்டர், யார் பக்கமும் சேர்வதில்லை.
வெள்ளை அறையைப் பெரிதாக்கும் என்பது
பகல் உள்ள ஊர்களின் பேச்சு.
இங்கே அது இரண்டு மணிக்கே சாம்பலாகிவிடும்,
பட்டி வைத்த இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும்.
கருநீலமோ, விளக்கைப் போட்டதும்
சுவரையே தூக்கிக்கொண்டு போய்விடும்.
அது நல்லதா என்பது
உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது.

இரண்டையும் ஒரு முழம் பூசிக் காட்டினேன்.
இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.
இரண்டு நாளும் அதே பேச்சு, ஆறிய காபி.

மூன்றாம் நாள் சுவரைக் கழுவ ஆரம்பித்தேன்.
கதவு நிலையிலிருந்து
மார்பு உயரத்தில் ஒரு மங்கல் கோடு.
விரல் அழுக்கு. நான்கு விரல்.
சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்ததும்
தடம் மாறி, மேலே, கீழே, மறுபடி மேலே.
வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச்,
பனியில் விழுந்த பால்பல்.

திரும்பினேன்.
ஆர்னுல்ஃப் நின்றிருந்தார்,
என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்தபடி.
"நிறைய அழுக்கா?" என்றார்.
"எல்லா வீட்டிலும் இருப்பதுதான்."
பஞ்சைப் பிழிந்தேன்.

சோல்ஃப்ரிட் வந்ததும் ஒரு பொய் சொன்னேன்:
"கடல் ஈரம் ஏறிய சுவர் இது, வெள்ளை நிற்காது."
அவர் சுவரைப் பார்க்கவில்லை,
வாளித் தண்ணீரைப் பார்த்தார்.
மேலே மிதந்த நுரை உடைந்து முடியும்வரை பார்த்தார்.

"அப்படியானால் நீலமே பூசு.
கதவை மட்டும் வெள்ளையாக விடு," என்றார்.
பிறகு, சமையலறையிலிருந்து:
"சுவிட்சையும்."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.
கருநீலம் மூன்று பூச்சு கேட்டது.
இரண்டாவது காய்வதற்குள் இரவு வந்துவிட்டது,
அல்லது
அது போகவே இல்லை.